பேய் தேட எந்த ரெக்கார்டர் வாங்கலாம்? ஒரு மைக்செட்காரன் சொல்வது

பேய் தேடப் போகிறோம், நல்ல ரெக்கார்டர் ஒன்று சொல்லுங்கள் என்று வருகிற பையன்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “எதுண்ணே ரொம்பச் சின்னச் சத்தத்தைக்கூடப் பிடிக்கும்?” கேட்க வேண்டியது இதற்கு நேர் எதிரான கேள்வி. ஒரு சத்தமும் இல்லாத அறையில் வைத்தால் எந்தக் கருவி சும்மா இருக்கும்? அதை வாங்குங்கள். டெல்டாவில் ராத்திரி பதிவாகிற அமானுஷ்யக் குரல்களில் நிறைய ஆந்தையும் தவளையும் மோட்டாரும்தான். மிச்சத்தில் பெரும்பங்கு ரெக்கார்டர் தானே உண்டாக்கிச் சேர்த்தது.

நான் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிற ஊர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து மைக்செட் போட்டவன். மைக் எங்கே ஊளையிடும், ஒயர் எங்கே உறுமும் என்பது பழகின விஷயம். பேய் நம்பிக்கை உண்டா என்றால், பகலில் இல்லை. அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் இழுத்துக்கொண்டு போனதால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது, மூடிக் கிடக்கிற பழைய ரைஸ் மில் ஒன்றுக்கு. நெல் அவித்த தொட்டிகள், புல் மண்டிய களம், தகரக் கூரை, உயரமான புகைபோக்கி. செத்துப்போன வாட்ச்மேன் இன்னும் அங்கே படுத்துக் குறட்டை விடுகிறார் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. பையன்கள் ஆன்லைனில் ஒரு பேனா ரெக்கார்டர் வாங்கி அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மறுநாள் அக்கா மகன் எனக்குப் போட்டுக் காட்டினான். “மாமா, கூப்பிடுது பாருங்க. வா... வா...ங்குது.” நிஜமாகவே அப்படித்தான் கேட்டது. எனக்கும் கொஞ்சம் சிலிர்த்தது. அப்புறம் அந்தப் பேனாவின் செட்டிங்கைப் பார்த்தேன்.

முதல் கோளாறு, சத்தம் கேட்டால் மட்டும் தானே ஓடும் வசதி. மணிக்கணக்கான நிசப்தத்தைக் கேட்க வேண்டாமே என்று எல்லாரும் இதைப் போட்டுவிடுகிறார்கள். கருவி விழித்துக்கொள்வதற்குள் சத்தத்தின் தலைப்பகுதி போய்விடும். தலை வெட்டுப்பட்ட சத்தத்துக்குத் தன் அடையாளம் இருக்காது. இருமல் ஒரு அதட்டலாகும், கதவு கிறீச்சிடுவது ஒரு முனகலாகும். இந்த வசதியை அணைக்க முடியாத கருவி என்றால் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, தானியங்கி ஒலி அளவு. மீட்டிங்கில் தூர உட்கார்ந்திருப்பவர் பேச்சும் கேட்கட்டும் என்பதற்காக வைத்தது இது. சத்தம் இல்லாதபோது கருவி தன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டே போகும், உள் இரைச்சலும் கூடவே ஏறும். எங்கோ ஒரு நாய் குரைத்தால் சட்டென்று அளவை இறக்கும், பிறகு மெதுவாக மறுபடி ஏற்றும். ஹெட்போனில் கேட்டால் யாரோ பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். நாய் குரைக்கும்போதெல்லாம் பெருமூச்சு வந்தால் அது பேய் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் நாய்க்குத்தான் பேய் தெரியும் என்று நம் ஊரில் நம்பிக்கை இருக்கிறதே, இரண்டும் சேர்ந்துவிட்டால் யார் சொன்னாலும் எடுபடாது.

மூன்றாவது எம்பி3. குறைந்த தரத்தில் வைத்தால், காதுக்கு முக்கியமில்லை என்று அது நினைக்கிறதை எல்லாம் கழித்துவிடும். பாட்டுக்கு அது பரவாயில்லை. மெல்லிய சத்தத்தில் அந்தக் கழிவின் வடு தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு உலோகச் சிணுங்கல் மிஞ்சும். எதையும் கழிக்காமல் டபிள்யூஏவி என்று பதிவாகிற கருவியே வேண்டும். இடம் அடைக்கும் என்று பயப்பட வேண்டாம். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 முறை சத்தத்தை அளப்பது), 16 பிட், ஸ்டீரியோவில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. எட்டு மணி நேர ராத்திரிக்கு 5 ஜிபி சொச்சம். ஒரு 32 ஜிபி கார்டு தாராளம்.

வெளிநாட்டுப் பேய் வேட்டைக்காரர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. பானசோனிக் ஆர்ஆர்-டிஆர்60 என்று 1990களின் பிற்பகுதியில் வந்த சின்ன ரெக்கார்டர். பேச்சைக் குறித்துக்கொள்ள வந்தது. இரைச்சல் அதிகம், சத்தம் வந்தால் ஓடுகிற ரகம். அதில்தான் ஆவிக் குரல் அதிகம் விழுகிறது என்று பேர் வாங்கி, பழைய சரக்கை யானை விலைக்கு வாங்குகிறார்கள். விழாமல் என்ன செய்யும்? லாத்வியாக்காரர் கான்ஸ்டன்டின் ராவ்டிவ் 1960களில் ஆயிரக்கணக்கில் இப்படிக் குரல்களைச் சேகரித்தவர். ஒரே வாக்கியத்தில் பல மொழிகளைக் கலந்து ஆவிகள் பேசுகின்றன என்றார். அவருக்கும் பல மொழிகள் தெரியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் மில் வாட்ச்மேன் தமிழில் மட்டும்தான் கூப்பிட்டார்.

சரி, எதை வாங்குவது? கையடக்க ரெக்கார்டர்களில் டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், ஜூம் எச்1என் (வீடியோ மீட்டிங் ஜூம் இல்லை, இது ஜப்பான் கம்பெனி) இரண்டும் இந்த வேலைக்குப் போதும். ஒலி அளவைக் கையால் வைக்கலாம், டபிள்யூஏவி உண்டு, ஸ்டாண்டில் மாட்டத் திருகு உண்டு, கடையில் கிடைக்கிற பேட்டரியில் ஓடும். இரண்டில் நான் எடுத்தது டாஸ்காம். அதன் மைக்குகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பவை. ஜூமில் இரண்டு மைக் குறுக்காக, குறிப்பிட்ட திசை பார்த்து நிற்கும். பாட்டுக் கச்சேரிக்கு அது நல்லது. இருட்டில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று தெரியாத இடத்தில் எல்லாப் பக்க மைக்தான் சரி. காற்று மோதுகிற இரைச்சலும் கையால் தொடுகிற கடகடப்பும் அதில் குறைவு. டாஸ்காமில் இரண்டு ஏஏ பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்குகிறது. ஜூமுக்குச் சின்ன ஏஏஏ. விடியும் வரை வைக்க வேண்டுமென்றால் பவர் பேங்க் சேர்ப்பது நல்லது.

இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று ஒன்று வந்திருக்கிறது. ஜூமின் எச்1எசென்ஷியல் அந்த ரகம். அளவு வைக்கவே வேண்டாம், கத்தினாலும் கிசுகிசுத்தாலும் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம். வசதிதான். ஆனால் இதனால் மைக்கின் உள் இரைச்சல் குறைந்துவிடாது. கிசுகிசுப்பை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். உள் இரைச்சலைத்தான் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். வாங்கும் முன்பு கடையிலேயே அலமாரிக்குள் வைத்து ஒரு நிமிஷம் பதிவு செய்து, அளவைக் கூட்டி ஹெட்போனில் கேளுங்கள். ‘ஸ்ஸ்’ என்று சீறுவதுதான் நீங்கள் ராத்திரி முழுக்கக் கேட்கப் போவது. தனி மைக் வாங்கிச் செருகுவதாக இருந்தால் நல்ல ஒயராக, குட்டையாக வாங்குங்கள். ஷீல்டு சரியில்லாத நீள ஒயர் ஏரியல் வேலை செய்யும். மைக்செட்டில் திடீரென்று ரேடியோ செய்தி கேட்டதெல்லாம் நான் பார்த்தது. 96 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் மனிதக் காதுக்கு எட்டாதது பதிவாகும் என்று பையன்கள் சொல்வார்கள். இந்தக் கருவிகளின் மைக் அந்த உயரத்தைச் சரியாகக் கேட்கவே கேட்காது. கார்டுதான் நிறையும்.

காசு கொஞ்சம் அதிகம் இருந்தால் விலை உயர்ந்த ஒன்றை வாங்காதீர்கள். சாதாரணக் கருவியே இரண்டு வாங்குங்கள். இதை நான் கெஞ்சிச் சொல்வேன். மில் விவகாரம் தீர்ந்தது இரண்டால்தான்.

முதலில் முதலாளியைப் பார்த்து அனுமதி கேட்டோம். வயதானவர். “போய்ப் பாருங்க தம்பி, பாம்பு இருக்கும், டார்ச் அடிச்சுக்கிட்டே போங்க” என்றார். ஒரு ரெக்கார்டரைப் புகைபோக்கியின் அடியில், இன்னொன்றை நாற்பது மீட்டர் தள்ளிக் கோடவுனுக்குள் வைத்தோம். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டினோம். காலையில் எடுப்பதற்கு முன்பும் தட்டினோம். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் கொஞ்சம் விலகி ஓடும். ஒரு ராத்திரிக்குள் அரை நொடி, ஒரு நொடி வித்தியாசம் வந்துவிடும். இரண்டு கைதட்டலையும் வைத்து அதை நேராக்கிவிடலாம். காற்றில் சத்தம் 35 மீட்டர் போகச் சுமார் பத்தில் ஒரு நொடி ஆகிறது. எந்தக் கருவி முதலில் கேட்டது, எவ்வளவு பிந்தி மற்றது கேட்டது என்று பார்த்தால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

குறட்டை பதிவாகியிருந்தது. முழுசாக, தலை வெட்டுப்படாமல். ‘வா’ என்ற கூப்பாடே இல்லை. கரகரவென்று நீளமாக இழுக்கிற மூச்சு, சில நொடிக்கு ஒருமுறை, ராத்திரி முழுக்க. பேனா ரெக்கார்டர் அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டு வாலை மட்டும் ஊதிக் காட்டியிருக்கிறது. புகைபோக்கிப் பக்கக் கருவி முதலில் கேட்டிருந்தது. கோடவுனில் இருந்தது பத்தில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிந்தியிருந்தது. இடையிடையே ஒரு கிறீச்சிட்ட அலறல் வரும், குறட்டை படபடவென்று வேகமாகும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும்.

பகலில் ஏணி வைத்து ஏறினான் பையன். புகைபோக்கியை ஒட்டிய மாடத்தில் கூகை என்கிற ஆந்தையின் குஞ்சுகள். இதய வடிவ முகம், வெள்ளைப் பஞ்சு உடம்பு. சுவரெல்லாம் எச்சம், கீழே எலி முடியும் எலும்புமாக அவை கக்கிய உருண்டைகள். கூகைக் குஞ்சு பசியில் இரை கேட்கிற சத்தம்தான் அந்தக் குறட்டை. தாயோ தகப்பனோ எலியோடு வரும்போது வேகமாகும், தின்றபின் அடங்கும். சம்பா அறுவடைக்குப் பிறகு எலிக்குப் பஞ்சமா? வயலில் பறவை உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று நாமே தென்னமட்டையை நட்டு வைக்கிறோம். அதே ஆந்தையைச் சாக்குருவி என்றும் சொல்லிவிடுகிறோம்.

ஸ்வீடன்காரர் ஃப்ரீட்ரிஷ் யூர்கன்சன் 1959இல் பறவைச் சத்தம் பதிவு செய்யப் போய், நாடாவில் மனிதக் குரல் கேட்கிறது என்றார். இந்தக் ‘குரல் ஆராய்ச்சி’ பெரிதாகக் கிளம்பியது அங்கேதான். நாங்கள் மனிதக் குரலைத் தேடிப் போய்ப் பறவையோடு திரும்பினோம். முதலாளியிடம் சொன்னோம். சிரித்தார். “வெளியில சொல்லிடாதீங்க தம்பி. வாட்ச்மேன் இருக்கான்ற பயத்துலதான் இரும்ப ஒருத்தனும் தூக்காம இருக்கான்.” அதனால் எந்த மில் என்று நான் சொல்லப்போவதில்லை.

டெல்டாவின் ராத்திரி தனி. வெளியூர்க்காரர்கள் எழுதிய ஆலோசனை இங்கே பாதிதான் பொருந்தும். மார்கழி, தை மாதத்துத் தெளிந்த ராத்திரிகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும். மேலே போகிற சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். மரம் மட்டையில்லாத வயல்வெளி வேறு. இரண்டு மூன்று ஊர் தள்ளி நடக்கிற கூத்து பக்கத்துக் களத்தில் நடப்பதாகக் கேட்கும். வார்த்தை புரியாது, ராகம் மட்டும் வரும், காற்று திரும்பினால் நின்றுபோகும். ‘பொம்பளை பாடுது’ என்று யார் சொன்னாலும் அன்று எந்தக் கோயிலில் விசேஷம், எங்கே சாவு என்று விசாரித்துவிட்டுத்தான் மறுவேலை.

இன்னொன்று பம்புசெட். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் ஆளில்லாமல் தானே கிளம்பும். நடுராத்திரியில் பூட்டிய கொட்டகைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு உறுமல். தெரியாதவன் ஓடத்தான் செய்வான். ரெக்கார்டிங்கில் கண்டுபிடிப்பது சுலபம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரோ டிரான்ஸ்பார்மரோ இருந்தால் சத்தத்தைப் படமாக்கிப் பார்க்கும்போது 50, 100 என்று நேர்கோடுகள் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். தகரக் கூரை பகலில் காய்ந்து, பொழுது சாய்ந்ததும் சுருங்கும்போது யாரோ மேலே நடக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ‘நடப்பவர்’ ஓய்ந்துவிடுவார். அதனால் பொழுது சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் நான் கணக்கெடுக்க ஆரம்பிப்பேன்.

ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம். தவளைக் கச்சேரியில் பேய் கத்தினாலும் கேட்காது. ஆடியில் அம்மியே பறக்கும் காற்று. சாதாரண ஸ்பான்ஞ்சு உறை அதற்குக் காணாது, ரோம உறை வேண்டும். எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி. அறுப்பு முடிந்து வயல் காய்ந்திருக்கும், பூச்சிச் சத்தமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆள்காட்டிக் குருவி மட்டும் விடாது. நீங்கள் அசைந்தாலே கத்தும். அந்த வகையில் அது ஒரு நல்ல சாட்சி. அது கத்தாத நேரத்தில் காலடி கேட்டால் கொஞ்சம் கவனியுங்கள்.

கருவியைக் கையில் பிடிக்காதீர்கள். சின்ன ஸ்டாண்டில் வைத்து, அடியில் ஒரு ரப்பர் துண்டு போடுங்கள். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றி எறும்புப் பொடி தூவுங்கள். எறும்பு மைக்குக்குள் நுழைந்தால் வருகிற சத்தத்துக்கு எந்தப் பேயும் ஈடாகாது. கொசு மைக் அருகே பறந்தால் சின்னக் குழந்தை சிணுங்குவதாகப் பதிவாகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. விடியற்காலைப் பனி இறங்கும், கடலோரம் போனால் உப்புக் காற்று. வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். செல்போன்களை ஃப்ளைட் மோடில் போடச் சொல்லுங்கள். பழைய பட்டன் போன் அழைப்பு வருவதற்கு முன் ஸ்பீக்கரில் ‘டிட்-டிட்-டிட்’ என்று பொரியுமே, அது ரெக்கார்டரிலும் விழும். இருமினால், வயிறு இரைந்தால், செருப்பு உரசினால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: “நான்தான், இருமினேன்.” முதலில் சிரிப்பாக இருக்கும். பிறகு கேட்கும்போது அதன் அருமை தெரியும்.

கேட்பதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். சத்தத்தைப் படமாகக் காட்டுகிற ஸ்பெக்ட்ரோகிராம் அதில் இருக்கிறது. பறவையா என்று சந்தேகம் வந்தால் மெர்லின் செயலியில் போட்டுப் பாருங்கள். ஸீனோ-கான்டோ தளத்தில் உலகத்துப் பறவைக் குரல்கள் ஏராளமாக இருக்கின்றன. கூகைக் குஞ்சை நாங்கள் உறுதி செய்தது அதில்தான். ஒரு எச்சரிக்கை. இரைச்சல் நீக்கும் வசதியை அளவு மீறிப் போட்டால், இரைச்சல் போன இடத்தில் துண்டு துண்டாகக் கிணுகிணுப்பு மிஞ்சும். நம் ஆட்கள் காதில் அது கொலுசு. மோகினி வந்தாள் என்று எனக்கு அனுப்பப்பட்ட ஒரு பதிவில் இரைச்சல் நீக்காத மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், கொலுசைக் காணோம்.

அடுத்தவருக்குப் போட்டுக் காட்டும்போது ‘இது இப்படிச் சொல்லுது’ என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் அவருக்கும் அதுதான் கேட்கும். என்னிடம் ‘வா’ என்று சொல்லிவிட்டுத்தானே போட்டார்கள், எனக்கும் கேட்டதே. தனித்தனியாகப் போட்டு, கேட்டதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நாலு பேர் நாலு விதமாக எழுதினால் அங்கே வார்த்தை இல்லை.

ஸ்பிரிட் பாக்ஸ் என்று ஒன்று விற்கிறார்கள். 2002 வாக்கில் ஃபிராங்க் சம்ப்ஷன் என்ற அமெரிக்கர் கிளப்பிவிட்டது. ரேடியோ அலைவரிசைகளை நிற்காமல் துழாவுகிற கருவி, அவ்வளவுதான். இங்கே அதைப் போட்டால் காரைக்கால் பண்பலை ஒரு எழுத்து, திருச்சி ஒரு எழுத்து. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போனால் கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை நிலையங்களும் சேர்ந்துகொள்ளும். ‘யாழ்ப்பாணத்து ஆவி பேசுச்சு மாமா’ என்றான் ஒருத்தன். பேசியிருக்கும், விளம்பர இடைவேளையில்.

பயம் வந்தது ஆனால் சத்தம் ஒன்றும் பதிவாகவில்லை என்றால் அதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த விக் டேன்டி என்ற எஞ்சினியர், தான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததற்குக் காரணமாக ஒரு மின்விசிறியின் 19 ஹெர்ட்ஸ் அதிர்வைக் காட்டி 1998இல் எழுதினார். இது காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு, நம் கையடக்கக் கருவியும் அதைச் சரியாகப் பிடிக்காது. அதை வைத்து ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்கள் விஷயம் கருவியைவிட முக்கியம். சோழ நாட்டில் ராத்திரி பாழடைந்த கோயில் பக்கம் பெட்டியும் ஒயருமாக நாலு பேர் நின்றால், பேய் தேடுகிறார்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். சிலை திருட வந்தவன், புதையல் தோண்ட வந்தவன், மோட்டார் காப்பர் ஒயர் அறுக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். ஒருமுறை ஊரே டார்ச்சோடு சுற்றி நின்றது. ஹெட்போனைப் பெரியவர் ஒருவர் காதில் மாட்டி, அவர் ஊர்த் தவளையை அவருக்கே கேட்க வைத்த பிறகுதான் முகம் இளகியது. இப்போதெல்லாம் இடத்துக்காரர், பஞ்சாயத்துத் தலைவர், போலீஸ் ஸ்டேஷன் மூன்று பேருக்கும் சொல்லாமல் போவதில்லை. கோயில் வளாகத்துக்குள் போவதே இல்லை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடற்கரைக்கு ரெக்கார்டரோடு போகலாமா என்று கேட்டார்கள். 2004 சுனாமியில் ஆயிரக்கணக்கில் செத்த இடம். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் இன்னும் அங்கே மீன் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கருவி வாங்கியதும் முதல் வாரம் எங்கும் போகாதீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ராத்திரி முழுக்க வையுங்கள். சாதாரணப் பேச்சு மீட்டரில் மைனஸ் 12க்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி அளவை வைத்து, அதை மாற்றாமல் விடுங்கள். மறுநாள் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜ் எப்போது ஓடியது, மரநாய் எப்போது ஓட்டில் நடந்தது, தேங்காய் எப்போது விழுந்தது, பால்காரர் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். என் அக்கா மகன் எழுதின பட்டியலில் பின்னிரவில் யாரோ சங்கிலி இழுப்பதாக இருந்தது. அது பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி. அவனை மில்லுக்குக் கூட்டிப்போனது அதற்கப்புறம்தான்.